தடிமன் நெஞ்சுக்கு இறங்கினால்: எக்ஸ்ரேயா, அல்ட்ரா சவுண்டா, சீ.ரீ. ஸ்கேனா?

காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள். அப்பாவுக்கு இருமல் விடவில்லை, படி ஏறினால் இளைக்கிறது. குடும்ப டொக்டர் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மகன், "எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, நேரே சீ.ரீ. எடுங்கோ" என்கிறார். சனல் பண்ணிப் பார்த்த நெஞ்சு நோய் நிபுணரோ அல்ட்ரா சவுண்ட் கருவியை விலாவில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு இது போதும்" என்கிறார். கோவிட்டுக்குப் பிறகு கொழும்பில் இந்தக் குழப்பம் பல வீடுகளில் உண்டு. மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்று கருவிகளும் ஒரே கேள்விக்கு விடை சொல்பவை அல்ல.

எந்தப் படமும் வைரஸின் பெயரைச் சொல்லாது. இன்ஃபுளுவென்சா, கோவிட், அடினோவைரஸ், சிறு குழந்தைகளை அதிகம் பிடிக்கும் ஆர்.எஸ்.வி. எல்லாம் நுரையீரலில் போடும் கோலம் ஏறக்குறைய ஒன்றுதான். பெயர் வேண்டுமென்றால் மூக்கிலிருந்து எடுக்கும் சளி மாதிரியில் அன்டிஜன் அல்லது பீ.சீ.ஆர். செய்ய வேண்டும். 2020இல் வூஹானில் 1,014 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பீ.சீ.ஆர். பொசிட்டிவ் ஆனவர்களில் 97 சதவீதத்தினரை சீ.ரீ. பிடித்தது. அந்த எண்ணைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதே ஆய்வில், பீ.சீ.ஆர். நெகட்டிவ் ஆனவர்களில் 25 சதவீதத்தினரின் சீ.ரீ. மட்டுமே சுத்தமாக வந்தது. மற்ற முக்கால்வாசிப் பேரின் படமும் கோவிட் போலவே இருந்தது. அதுவும் தொற்று உச்சத்தில் இருந்த ஊரில் எடுத்த கணக்கு.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி: படத்தின் விடை நாளைய சிகிச்சையை மாற்றுமா? மாற்றாது என்றால் எடுக்கத் தேவையில்லை. அன்டிபயோடிக் தொடங்குவதா, வாட்டில் சேர்ப்பதா, இரத்தக் கட்டி இருக்கிறதா, காசநோயா என்று முடிவெடுக்க வேண்டிய கட்டத்தில் படம் உதவும்.

இரண்டாவது, நோயின் எத்தனையாவது நாள்? இதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. சீனாவில் 121 கோவிட் நோயாளரை வைத்துச் செய்த ஆய்வில், அறிகுறி தொடங்கி முதல் இரண்டு நாட்களுக்குள் சீ.ரீ. எடுத்த 36 பேரில் 20 பேருக்குப் படம் சுத்தமாக வந்தது. வேறோர் ஆய்வில் நுரையீரல் மாற்றங்கள் உச்சத்தைத் தொட்டது ஏறக்குறைய பத்தாம் நாளில். இரண்டாம் நாள் பணம் கொடுத்து வாங்கும் "ஒன்றுமில்லை" ரிப்போர்ட்டால் ஆறாம் நாளைப் பற்றி எதுவும் தெரியாது.

மூன்றாவது, விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் காட்டும் ஒட்சிசன் அளவு. நான்காவது, நம் ஊரில் இதே வேடத்தில் வரக்கூடிய வேறு நோய்கள்: டெங்கு, எலிக்காய்ச்சல், காசநோய், இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோப்பது. காசும் காத்திருப்பும் கதிர்வீச்சும் இவற்றுக்குப் பிறகுதான்.

## படமே எடுக்காமல் பொறுப்பது

இதையும் ஒரு தெரிவாகவே கணக்கெடுக்க வேண்டும். 2020 ஏப்ரலில் வந்த ஃபிளைஷ்னர் சங்கத்தின் (நெஞ்சுப் பட நிபுணர்களின் சர்வதேச அமைப்பு) கூட்டறிக்கை, கோவிட் இலேசாக இருந்து, மோசமாகும் ஆபத்துக் காரணிகளும் இல்லாதவருக்கு நெஞ்சுப் படம் தேவையில்லை என்றது. மற்ற வைரஸ் காய்ச்சல்களுக்கும் அந்த நியாயம் பொருந்தும்.

பொறுப்பதற்கு வீட்டில் தேவையானவை ஒரு ஒக்சிமீற்றர், ஒரு வெப்பமானி, எழுதிவைக்க ஒரு கொப்பி. அளக்கும் முன் ஐந்து நிமிடம் அமர்ந்திருக்க வேண்டும். விரல் குளிர்ந்திருக்கக் கூடாது. நகப்பூச்சு, கறுப்பு மருதாணி இருந்தால் அந்த விரலை விட்டு வேறு விரலில் மாட்டுங்கள். எண் ஒரு நிமிடம் நிலைத்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள். கருமையான தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும். ஆகவே எங்கள் ஆட்களுக்கு 94ஐ "எல்லையில் நிற்கிறது" என்று எடுப்பதே பாதுகாப்பு. அமர்ந்திருக்கும்போது 96 அல்லது அதற்கு மேல் இருப்பவர், கதிரையிலிருந்து ஒரு நிமிடம் எழுந்து எழுந்து அமர்ந்து பார்க்கலாம். எண் 3 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

பொறுப்பதன் மறைமுக விலை, பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பது. தனியாக அறை எடுத்து இருப்பவருக்கும், மறதி உள்ள முதியவருக்கும் இது சரிவராது. காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் எஃப்.பி.சி. (இரத்தக் கலங்களை எண்ணும்) இரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். கொழும்பில் டெங்குவை மறந்து நெஞ்சை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து.

## நெஞ்சு எக்ஸ்ரே

அரச வைத்தியசாலையில் இலவசம். தனியாரிலும் மூன்று தெரிவுகளில் பெரும்பாலும் குறைந்த செலவு இதற்குத்தான். நின்றபடி எடுக்கும் ஒரு படத்தின் கதிர்வீச்சு சுமார் 0.02 மில்லிசீவேர்ட். இயற்கையிலிருந்தே ஒருவர் ஆண்டுக்குப் பெறுவது உலக சராசரியில் 2.4 என்பதால், இது மூன்று நாள் அளவு. பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஆரம்ப நிலை வைரஸ் நியூமோனியாவை எக்ஸ்ரே தவறவிடும். ஹொங்கொங்கில் 64 கோவிட் நோயாளரின் முதல் எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிந்தது 69 சதவீதத்தினருக்கு மட்டுமே. வைரஸ் நுரையீரலில் முதலில் உண்டாக்குவது மெல்லிய மங்கல். குளியலறை ஜன்னலில் போடும் மங்கல் கண்ணாடியை நினைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் "கிரவுண்ட் கிளாஸ்" என்று வருவது அதுதான். எக்ஸ்ரே, விலா, தசை, இதயம், நுரையீரல் எல்லாவற்றையும் ஒரே தாளில் அடுக்கிக் காட்டும் நிழற்படம். அந்த அடுக்குக்குள் மெல்லிய மங்கல் காணாமல் போய்விடும்.

எக்ஸ்ரே நன்றாகக் காட்டும் விஷயங்களும் உண்டு. நுரையீரலின் ஒரு மடல் (பிரிவு) முழுதும் வெள்ளையாகிப் போன பக்டீரியா நியூமோனியா, மேல் மடலில் குழி விழுந்த காசநோய், பெருத்த இதயம், நெஞ்சுக்கூட்டில் நீர், நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவு. இன்ஃபுளுவென்சா தணிந்து இரண்டு நாள் நன்றாக இருந்தவருக்குத் திரும்பக் குளிர்காய்ச்சலும் மஞ்சள் சளியும் வந்தால், வைரஸுக்கு மேல் வந்து தொற்றிய பக்டீரியாவைத் தேட முதலில் எடுக்க வேண்டியது எக்ஸ்ரேதான்.

பிழைகள் பெரும்பாலும் எடுக்கும் விதத்தில்தான் வருகின்றன. படம் கையில் கிடைத்ததும் நீங்களே மூன்றைச் சரிபார்க்கலாம். முன்பக்க விலாக்களில் ஆறாவது, உதரவிதானத்துக்கு மேலே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மூச்சை முழுதாக இழுக்கவில்லை என்று அர்த்தம். கீழ்ப்பகுதி நெருங்கிப்போய் நியூமோனியா போலத் தோன்றும். காறையெலும்பின் இரு உள்முனைகளும் நடு முள்ளெலும்பிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். ஆள் திரும்பி நின்றிருந்தால் ஒரு பக்கம் கறுத்தும் மறு பக்கம் வெளுத்தும் வரும். படத்தில் "ஏ.பி." என்று இருந்தால் கட்டிலில் வைத்து முன்பக்கமிருந்து எடுத்தது, அதில் இதயம் உள்ளதைவிடப் பெரிதாகவே தெரியும். இருமல் அடக்க முடியாத நோயாளரிடம் இரண்டு தரம் மூச்சிழுத்துப் பழகச் சொல்லிவிட்டு எடுப்பது, இரண்டாம் படத்தை மிச்சம்பிடிக்கும்.

படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, அதைக் கைத்தொலைபேசியில் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பி அபிப்பிராயம் கேட்கும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. மெல்லிய மங்கல் முதலில் தொலைவது அந்தப் பிரதியில்தான். டிஜிற்றல் பிரதியைச் சீடியில் கேட்டு வாங்குங்கள்.

## நுரையீரல் அல்ட்ரா சவுண்ட்

காற்றுக்குள் இந்தக் கருவியின் ஒலியலை போகாது. அதனால் நுரையீரலுக்கு அல்ட்ரா சவுண்ட் சரிவராது என்றுதான் முன்பு சொல்லிவந்தார்கள். வைரஸ் நியூமோனியா நுரையீரலின் வெளி விளிம்பில்தான் பெரும்பாலும் குடியிருக்கும் என்பதால், விளிம்பை மட்டும் காட்டும் இந்தக் கருவி எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்கிறது.

திரையில் நடப்பது இதுதான். இரண்டு விலா எலும்புகளின் கரிய நிழலுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு. மூச்சோடு சேர்ந்து எறும்பு ஊர்வதுபோல் அது நகர்ந்தால், அந்த இடத்தில் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டி அசைகிறது என்று பொருள். அதற்குக் கீழே, கோட்டுக்குச் சமாந்தரமாகப் படிப்படியாக வரும் கோடுகள் காற்று நிறைந்த நல்ல நுரையீரலின் அடையாளம். நோய் வந்தால் அந்தப் படிகள் மறைந்து, வெள்ளைக் கோட்டிலிருந்து ரோர்ச் வெளிச்சம் அடித்ததுபோல் செங்குத்துக் கீற்றுகள் திரையின் அடிவரை இறங்கும். இவை பி கோடுகள். ஒரு இடைவெளியில் மூன்று அல்லது அதற்கு மேல் வந்தால் கணக்கில் எடுக்கப்படும். கோவிட்டிலும் இன்ஃபுளுவென்சாவிலும் வெள்ளைக் கோடே கறையான் அரித்ததுபோல் கரடாகும். முழுமையாகப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு இடங்களில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி போட்டு 36க்குக் கணக்கிட வேண்டும். முதுகுப் பக்கத்தைப் பார்க்காமல் முன்னால் மட்டும் வைத்துவிட்டு "நல்லா இருக்கு" என்றால் அந்தப் பரிசோதனை அரைகுறை. வைரஸ் அதிகம் பிடிப்பது பின்பக்கக் கீழ் மடல்களைத்தான்.

கதிர்வீச்சு இல்லை, நோயாளரைக் கட்டிலிலிருந்து இறக்க வேண்டியதில்லை, காலையில் ஒன்று மாலையில் ஒன்று பார்த்து ஒப்பிடலாம். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை. டெங்குக் காலத்தில் இதன் மதிப்பு இரட்டிப்பு. காய்ச்சல் இறங்கி, பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே போகும் கட்டத்தில் இரத்த நாளத்திலிருந்து நீர் கசிந்தால், அது பெரும்பாலும் வலது பக்க நெஞ்சில் முதலில் தேங்கும். நின்று எடுக்கும் எக்ஸ்ரேயில் அது தெரிய ஏறக்குறைய 200 மில்லிலீட்டர் சேர வேண்டும். அல்ட்ரா சவுண்ட் 20 மில்லிலீட்டரையே காட்டிவிடும். "இது வைரஸ் நியூமோனியாவா, டெங்குக் கசிவா?" என்ற கேள்விக்குக் கொழும்பில் இதைவிட விரைவான விடை வேறில்லை.

குறை, பார்ப்பவரின் கை. ஒரே நோயாளரை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு முடிவு வரலாம். விளிம்பைத் தொடாமல் நடுவில் இருக்கும் நோய் தெரியாது. உடல் பருத்தவருக்குப் படம் மங்கும். பி கோடு இதயப் பலவீனத்திலும் வரும். அதில் வெள்ளைக் கோடு மெல்லியதாக ஒழுங்காக இருக்கும் என்ற வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதற்குப் பழக்கம் வேண்டும். வயிற்று ஸ்கேன் செய்யும் எல்லா நிலையங்களும் நுரையீரல் பார்ப்பதில்லை. சனல் பண்ணும்போதே கேட்டுக்கொள்ளாவிட்டால் போன தூரமும் காசும் வீண்.

## சீ.ரீ. ஸ்கேன்

நுரையீரலை மிகத் துல்லியமாகக் காட்டுவது இதுதான். அதில் வாதமில்லை. காசு அதிகமாக வீணாவதும் இதில்தான்.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். "எச்.ஆர்.சீ.ரீ." என்றால் சாயமருந்து இல்லாமல், 1 முதல் 1.5 மில்லிமீற்றர் மெல்லிய துண்டுகளாக எடுப்பது. வைரஸ் நியூமோனியாவுக்கு இது போதும். "சீ.ரீ.பி.ஏ." என்றால் நுரையீரல் இரத்தக் குழாயில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பது, முழங்கை மடிப்பில் பெரிய கனுலா போட்டு அயடின் சாயம் 50 முதல் 80 மில்லிலீட்டர் வேகமாகச் செலுத்துவார்கள். இரண்டும் வேறு வேறு. திடீரென்று நெஞ்சு குத்தி, ஒரு கால் வீங்கி, படத்தில் தெரியும் நோயின் அளவுக்குப் பொருந்தாமல் ஒட்சிசன் விழுந்தால் தேவை இரண்டாவது. சாயமில்லாத படத்தில் கட்டி தெரியாது. முதலில் எச்.ஆர்.சீ.ரீ. எடுத்துவிட்டு அடுத்த நாள் சீ.ரீ.பி.ஏ.க்குத் திரும்பப் போனால் காசும் கதிர்வீச்சும் இரட்டிப்பு. சாயம் போடும் முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் பரிசோதனை வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர் நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் எடுத்தால், சாயத்துக்குப் பிறகு 48 மணித்தியாலம் நிறுத்தச் சொல்வார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கதிர்வீச்சு வழக்கமான நெஞ்சு சீ.ரீ.யில் 5 முதல் 7 மில்லிசீவேர்ட். ஒரு எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டால் 250 மடங்குக்கு மேல். ஒருமுறை தேவைக்கு எடுப்பதில் தவறில்லை. "குறைந்திருக்கா என்று பார்ப்பம்" என்று வாரத்துக்கு ஒன்று எடுப்பதுதான் தவறு. திரும்ப எடுக்க உண்மையிலேயே காரணம் இருந்தால், குறைந்த கதிர்வீச்சு முறையில் எடுக்க முடியுமா என்று கேட்கலாம். அது ஏறக்குறைய 1.5இல் முடியும்.

எங்கே பிழைக்கிறது? படுத்த நிலையில் எடுப்பதால், ஈர்ப்பினால் நுரையீரலின் முதுகுப்பக்கம் நெருங்கி மங்கலாகத் தெரியும். வைரஸ் பிடிக்கும் இடமும் அதுதான். சந்தேகம் வந்தால் குப்புறப் படுக்கவைத்து அந்தப் பகுதியை மட்டும் திரும்ப எடுத்தால் பொய் மங்கல் மறைந்துவிடும், உண்மை மங்கல் நிற்கும். மூச்சை ஐந்து முதல் பத்து விநாடி பிடிக்க முடியாதவரின் படத்தில் முழு நுரையீரலும் சாம்பல் பூசியதுபோல் வரும்.

ஒட்சிசனில் இருக்கும் நோயாளரை வாட்டிலிருந்து ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோவது தனிப் பிரச்சினை. மல்லாந்து படுத்ததும் இளைப்பு கூடும். சிலிண்டரில் மீதம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்காமல் புறப்படக் கூடாது. 680 லீட்டர் கொண்ட நிரம்பிய சிலிண்டர், நிமிடத்துக்கு 10 லீட்டர் ஓட்டத்தில் 68 நிமிடம் தாங்கும். வரிசையில் காத்திருக்கும் நேரமும் அதற்குள் அடக்கம்.

ரிப்போர்ட்டில் வரும் இரண்டு எண்கள் வீடுகளில் பெரும் பீதியைக் கிளப்புகின்றன. ஒன்று 25க்கு இத்தனை என்ற தீவிரப் புள்ளி. ஐந்து மடல்களுக்கும் பாதிப்பின் பரப்பைப் பார்த்து 0 முதல் 5 வரை போட்டுக் கூட்டுவது. 15 என்று வந்தவர் சாதாரணக் காற்றை மூச்சிழுத்தே 96 ஒட்சிசனோடு நடமாடலாம். 10 வந்தவருக்கு ஒட்சிசன் முகமூடி தேவைப்படலாம். சிகிச்சையைத் தீர்மானிப்பது ஒக்சிமீற்றரும் மூச்சு வேகமும். இன்னொன்று கோ-ராட்ஸ். 2020இல் நெதர்லாந்துக் கதிரியக்க வைத்தியர்கள் கொண்டுவந்தது. கோ-ராட்ஸ் 5 என்றால் கோவிட் என்ற சந்தேகம் மிக அதிகம் என்று மட்டுமே பொருள். நோய் முற்றிவிட்டது என்று எடுக்கக் கூடாது.

மறைமுகச் செலவில் பெரியது, தேடாமல் கிடைப்பது. நடுத்தர வயதுக்காரரின் சீ.ரீ.யில் சிறு முடிச்சு ஒன்று தட்டுப்படுவது மிகச் சாதாரணம். புற்றுநோய் ஆபத்துக் குறைந்தவருக்கு 6 மில்லிமீற்றருக்குக் கீழ் இருந்தால் தொடர் ஸ்கேன் வேண்டாம் என்பது ஃபிளைஷ்னர் சங்கத்தின் 2017 வழிகாட்டல். 6 முதல் 8 வரை என்றால் 6 முதல் 12 மாதத்தில் இன்னொரு சீ.ரீ. காய்ச்சலுக்குப் போய், ஒரு வருடப் பயத்தோடு திரும்புவோர் உண்டு.

சீ.ரீ. முதல் தெரிவாக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது: எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள். சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்தவர், கீமோதெரபியில் இருப்பவர், நீண்டகாலம் ஸ்டீரொய்ட் எடுப்பவர். இவர்களுக்குச் சைட்டோமெகலோ வைரஸும் நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையும் எக்ஸ்ரேயில் ஒன்றும் காட்டாமலே முற்றலாம். எக்ஸ்ரே சுத்தம் என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

## பக்கம் பக்கமாக

| | எக்ஸ்ரே | அல்ட்ரா சவுண்ட் | சீ.ரீ. (சாயமின்றி) |
|---|---|---|---|
| கதிர்வீச்சு (மில்லிசீவேர்ட்) | 0.02 | இல்லை | 5–7 |
| ஆரம்ப மங்கல் | அடிக்கடி தவறும் | விளிம்பில் இருந்தால் தெரியும் | தெரியும். முதல் 2 நாளில் தவறலாம் |
| நெஞ்சில் நீர் | 200 மி.லீ. அளவில் | 20 மி.லீ. அளவில் | தெரியும் |
| காசநோய்க் குழி | பெரும்பாலும் தெரியும் | நம்ப முடியாது | தெளிவாகத் தெரியும் |
| இரத்தக் கட்டி | தெரியாது | நுரையீரலில் நம்ப முடியாது | சாயம் போட்டால் மட்டும் |
| கட்டிலருகே எடுக்க | முடியும், தரம் குறையும் | முடியும் | முடியாது |
| பலவீனம் | மூச்சிழுப்பு, நிற்கும் விதம் | பார்ப்பவரின் பழக்கம் | தேவையற்ற கண்டுபிடிப்பு, செலவு |

## யாருக்கு எது

குழந்தைக்கு மூக்கொழுகல், இளைப்பு, விசில் சத்தம் என்று ஆர்.எஸ்.வி. போல் இருந்தால் வழக்கமாக எக்ஸ்ரே தேவையில்லை. சளி அடைத்துச் சுருங்கிய சிறு பகுதி நியூமோனியா போல் தெரிந்து, வேண்டாத அன்டிபயோடிக்கில் போய் முடியும். ஒரு பக்கம் மட்டும் காற்றுப் போகவில்லை, ஒட்சிசன் விழுகிறது, சிகிச்சைக்குப் பிறகும் இறங்கவில்லை என்றால் எடுக்கலாம்.

கர்ப்பிணிக்குத் தேவைப்பட்டால் எக்ஸ்ரேயை மறுக்க வேண்டாம். கருவுக்குப் போவது 0.01 மில்லிகிரேக்கும் (உடல் உறிஞ்சும் கதிர்வீச்சின் அலகு) கீழ். நெஞ்சு சீ.ரீ.யிலும் 0.66க்குள் நிற்கும். கவலைக்குரிய எல்லை 50. இன்ஃபுளுவென்சா கர்ப்பத்தில் மூர்க்கமாகும் நோய். பயத்தில் படத்தைத் தள்ளிப்போடுவதுதான் அதிகக் கேடு.

வயலில் இறங்கியவர், வெள்ள நீரில் நடந்தவர், வடிகான் துப்புரவு செய்தவர் காய்ச்சலோடும் கெண்டைக்கால் வலியோடும் வந்து இரத்தம் கலந்த சளி துப்பினால், படத்தில் இருபக்கமும் மங்கல் இருந்தாலும் வைரஸ் என்று முடிவுகட்ட வேண்டாம். எலிக்காய்ச்சலில் நுரையீரலுக்குள் இரத்தம் கசிந்தாலும் படம் இப்படியேதான் இருக்கும். அதற்கு அன்டிபயோடிக் உடனே வேண்டும். எந்தத் தண்ணீரில் இறங்கினார் என்ற ஒரு வரியைப் படம் எடுப்பவரிடம் கொடுக்கும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கதிரியக்க வைத்தியர் நோயாளரைப் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது படத்தையும் அந்தச் சீட்டையும்தான். "காய்ச்சல், இருமல்" என்று மட்டும் எழுதிய சீட்டுக்கு வரும் ரிப்போர்ட்டும் அந்த அளவில்தான் இருக்கும். நோய் எத்தனையாம் நாள், ஒட்சிசன் எவ்வளவு, நீரிழிவு உண்டா, புகைப்பவரா, முன்பு காசநோய் வந்ததா, எதைத் தேடுகிறோம் என்பது வேண்டும். பழைய படம் இருந்தால் கட்டாயம் கொண்டுபோங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய காசநோய்த் தழும்பைப் புதிய நோயாக எண்ணி அலைவதை, அலுமாரிக்கு மேல் கிடக்கும் அந்தப் பழைய உறை தடுத்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், மெலிவு என்றால் வைரஸ் கணக்கை விட்டுவிட்டு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்யுங்கள். அரச நெஞ்சு நோய் கிளினிக்குகளில் இரண்டும் இலவசம்.

சுகமானவருக்குக் கடைசிப் படம் எப்போது? காய்ச்சல் விட்ட மறுவாரம் எடுத்தால் மங்கல் மிச்சம் இருக்கும், வீட்டில் திரும்பப் பயம் தொடங்கும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கும் புகைப்பவருக்கும் சாதாரண நியூமோனியாவென்றால் ஆறு வாரம் கழித்து ஓர் எக்ஸ்ரே. கோவிட் நியூமோனியாவோடு வாட்டில் இருந்து வந்தவர்களுக்குப் பிரித்தானிய நெஞ்சு நோய்ச் சங்கம் சொன்னது 12 வாரம். அதில் மங்கல் மீதமிருந்தாலோ, நடந்தால் இன்னும் இளைத்தாலோ அப்போது எடுக்கலாம் சீ.ரீ.